காலடியில் ஒரு நெல்லி

மழை ஓய்ந்து பத்து நாள் ஆகியிருந்தது. கிணற்றடி, வரப்பு, வேலியோரம் எல்லாம் பச்சை. யாரும் விதைக்காமல் முளைத்த செடிகள். அவற்றில் ஒன்றைத் தேடிப் பாட்டி குனிந்து குனிந்து நடந்தார்.

காரணம் இருந்தது. அவருடைய மருமகள் 7 மாதக் கர்ப்பிணி. நான்கு நாளாக அவளுக்குச் சோறு பிடிக்கவில்லை. வாந்தி வந்தது. எழுந்து நடக்க முடியாத அசதி. மசக்கை மறுபடி வந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அன்று காலையில் பாட்டி அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

“கண்ணு, ஒண்ணுக்குப் போறப்ப என்ன நிறமா இருக்கு?”

“நல்லெண்ணெய் மாதிரி இருக்கு அத்தை.”

“அப்ப இது மசக்கை இல்லை. காமாலை.”

பாட்டி உடனே கிணற்றடிக்கு வந்துவிட்டார். ஒரு கைப்பிடி செடியை வேரோடு பறித்தார். அதன் பெயர் கீழாநெல்லி. அவர் மகனுக்குப் பத்து வயதில் காமாலை வந்தது. அப்போதும் இதே செடியைத்தான் அரைத்து மோரில் கலந்து கொடுத்தார். மகன் பிழைத்தான். இன்று அவன்தான் அந்தப் பெண்ணின் கணவன்.

செடியோடு வீட்டுக்கு வந்தார் பாட்டி. திண்ணையில் கிராமத்துச் செவிலியர் உட்கார்ந்திருந்தார். கர்ப்பிணியைப் பார்க்க மாதம் ஒருமுறை வருபவர். அவரும் கண்ணைப் பார்த்துவிட்டார்.

“பாட்டி, நீங்க கண்டுபிடிச்சது சரி. நீங்க பறிச்ச செடியும் சரி. ஆனா இவளை இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போகணும்.”

“என் மகனை இந்தச் செடிதானே காப்பாத்திச்சு நர்சம்மா?”

செவிலியர் உடனே பதில் சொல்லவில்லை. 108 வண்டிக்குப் போன் செய்தார். வண்டி வரும் வரை பாட்டியோடு பேசினார்.

பாட்டி கேட்டது நல்ல கேள்வி. நம் நாட்டில் பல லட்சம் வீடுகளில் கேட்கப்படும் கேள்வி. அதற்குப் பதில் தெரிய வேண்டும் என்றால் மூன்று செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் செடி. பிறகு நோய். பிறகு, ஒரு மருந்து பலிக்கிறதா என்று பார்க்கும் முறை.

செடியைத் தெரிந்துகொள்வோம்

கீழாநெல்லி ஒரு சிறு பூண்டு. ஓர் அடி உயரம் வளரும். நல்ல ஈரம் இருந்தால் இரண்டு அடி வரை போகும். மழைக்குப் பிறகு முளைக்கும். சில மாதங்களில் பூத்து, காய்த்து, விதை சிதறிக் காய்ந்துவிடும். தோட்டத்திலும் வயலிலும் இது களை. களை எடுக்கும் பெண்கள் தினமும் இதைப் பிடுங்கி வரப்பில் போடுகிறார்கள்.

ஒரு செடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் நேரான தண்டு. அதிலிருந்து மெல்லிய குச்சிகள் பக்கவாட்டில் நீளும். ஒவ்வொரு குச்சியிலும் சிறுசிறு இலைகள் வரிசையாக இருக்கும். பார்த்தால் புளிய இலை போலத் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு.

புளியின் இலைக்காம்பில் பூவோ காயோ வராது. கீழாநெல்லியின் குச்சியைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் கடுகு போன்ற காய் தொங்கும். அதாவது, நாம் இலை என்று நினைத்தது உண்மையில் ஒரு சிறு கிளை. இலையில் பூக்காது. கிளையில்தான் பூக்கும். இதைக் கவனித்துத்தான் தாவர இயல் அறிஞர்கள் இந்தப் பேரினத்துக்கு ஃபில்லாந்தஸ் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க மொழியில் அதற்கு ‘இலைப்பூ’ என்று பொருள்.

பூக்கள் மிகவும் சிறியவை. வெளிர்பச்சை நிறம். ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. ஆனால் ஒரே செடியில் இருக்கும். காய் உருண்டையாக இருக்கும். அதற்குள் மூன்று அறைகள். ஒவ்வோர் அறையிலும் இரண்டு விதைகள். ஆக 6 விதைகள். காய் முற்றினால் தானாக வெடிக்கும். விதைகள் தெறித்து விழும். ஒரு செடியைப் பிடுங்கினால் அடுத்த மழைக்குப் பத்துச் செடி முளைக்கும் ரகசியம் இதுதான்.

இன்னொன்றையும் பார்க்கலாம். மாலை மயங்கியதும் இதன் இலைகள் மூடிக்கொள்ளும். காலையில் விரியும்.

காய் இலைக்குக் கீழே இருப்பதால் கீழ்க்காய் நெல்லி. அதுவே கீழாநெல்லி ஆனது. நெல்லி என்று ஏன் சொன்னார்கள்? காய் சின்ன நெல்லிக்காய் போல இருக்கிறது. இலை வரிசையும் நெல்லி மரத்தின் இலை போலவே இருக்கிறது. நம் முன்னோர் சரியாகத்தான் பார்த்தார்கள். பெரிய நெல்லி மரமும் இந்தச் சின்னச் செடியும் ஒரே பேரினம் என்றுதான் தாவர இயலும் சொல்கிறது. நெல்லி மரத்தின் பெயரும் ஃபில்லாந்தஸ்தான்.

தமிழர் மட்டும் இப்படிப் பார்க்கவில்லை. மலையாளத்தில் இது கீழார்நெல்லி. கன்னடத்தில் நெல நெல்லி. தெலுங்கில் நேல உசிரி. இந்தியில் புயி ஆம்லா. வடமொழியில் பூம்யாமலகி. உசிரி என்றாலும் ஆம்லா என்றாலும் நெல்லிதான். நேல, புயி, பூமி எல்லாம் தரைதான். தரையில் வளரும் நெல்லி என்றே நாடு முழுவதும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு பழகிய செடியின் பிறந்த ஊர் இந்தியா இல்லை என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். இது அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமான பகுதிகளில் தோன்றியது. மனிதர்களின் போக்குவரத்தோடு உலகம் சுற்றியது. இன்று ஆசியா, ஆப்பிரிக்கா எங்கும் முளைக்கிறது. இதன் முழுப் பெயர் ஃபில்லாந்தஸ் அமாரஸ். அமாரஸ் என்றால் கசப்பு. செடியை மென்று பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் தெரியும்.

இதைப் போலவே தோன்றும் வேறு செடிகளும் உண்டு. ஒன்றின் தண்டு சிவப்பாக இருக்கும். அதன் காய் சொரசொரப்பாகவும் காம்பு இல்லாமல் ஒட்டியபடியும் இருக்கும். அதைச் சிவப்புக் கீழாநெல்லி என்பார்கள். இன்னொன்று நம் செடியைப் போலவே பச்சைதான். பூவின் இதழ்களை எண்ணித்தான் பிரித்தறிய முடியும். இதற்கு 5. அதற்கு 6. கடையில் விற்கும் காய்ந்த பொடியில் இவை கலந்து வருவது உண்டு. பொடியாகிவிட்டால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

பழைய மருத்துவத்தில் கீழாநெல்லி

சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் இந்தச் செடியை நெடுங்காலமாகப் பயன்படுத்துகின்றன. வேர் முதல் இலை வரை முழுச் செடியும் மருந்து. காமாலைக்கு இதை அரைத்து மோரிலோ பாலிலோ கொடுப்பார்கள். சிறுநீர் எரிச்சலுக்கும், உடல் சூட்டுக்கும் கொடுப்பார்கள். சொறி சிரங்குக்கு இலையை உப்புச் சேர்த்து அரைத்துப் பூசுவார்கள்.

இது வெறும் கதை என்று அறிவியல் ஒதுக்கிவிடவில்லை. செடியைச் சோதித்துப் பார்த்தார்கள். அதில் ஃபில்லாந்தின் முதலிய கசப்புப் பொருள்கள் இருக்கின்றன. எலிகளின் கல்லீரலைக் கெடுக்கும் பொருளைக் கொடுத்து, கூடவே செடியின் சாறும் கொடுத்துப் பார்த்தார்கள். சாறு கொடுத்த எலிகளுக்குக் கெடுதல் குறைந்தது. ஆனால் எலிக்குப் பலித்தது எல்லாம் மனிதருக்குப் பலிக்கும் என்று சொல்ல முடியாது. அதை மனிதரிடம்தான் பார்க்க வேண்டும்.

காமாலை என்பது என்ன?

காமாலை தனி நோய் அல்ல. அது ஓர் அறிகுறி. காய்ச்சல் எப்படிப் பல நோய்களில் வருமோ, அப்படித்தான் காமாலையும்.

நம் ரத்தத்தில் சிவப்பு அணுக்கள் இருக்கின்றன. ஒவ்வோர் அணுவும் சுமார் 120 நாள் வாழும். பிறகு உடையும். உடைந்த அணுவிலிருந்து ஒரு மஞ்சள் பொருள் உண்டாகும். கல்லீரல் அதைப் பிரித்துப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்பிவிடும். மலத்தோடு அது வெளியே போய்விடும். கல்லீரல் கெட்டால் இந்த வேலை நின்றுபோகும். மஞ்சள் பொருள் ரத்தத்திலேயே தங்கும். முதலில் வெள்ளை விழியில் தெரியும். பிறகு தோலில் தெரியும். சிறுநீரும் கறுத்த மஞ்சளாகும்.

கல்லீரல் கெடுவதற்குக் காரணங்கள் பல.

வைரஸ் என்னும் கிருமிகள் முதல் காரணம். அவற்றுக்கு ஏ, பி, சி, டி, இ என்று எழுத்துகளால் பெயர் வைத்திருக்கிறார்கள். ஏ கிருமியும் இ கிருமியும் அசுத்தமான தண்ணீரிலும் உணவிலும் வருகின்றன. பி, சி கிருமிகள் ரத்தத்தின் வழியாக வருகின்றன. ஒருவருக்குப் போட்ட ஊசியை அடுத்தவருக்குப் போட்டால் வரும். உடல் உறவிலும் வரலாம். தாயிடமிருந்து குழந்தைக்கும் வரலாம். டி கிருமி, பி கிருமி உள்ளவரை மட்டுமே தாக்கும்.

சாராயம் இன்னொரு காரணம். பித்தப்பையில் கல் வந்து பாதையை அடைத்தாலும் காமாலை வரும். மலேரியாவிலும் எலிக் காய்ச்சலிலும் வரலாம். காய்ச்சல் மாத்திரையை அளவுக்கு மேல் விழுங்கினாலும் கல்லீரல் கெடும்.

இத்தனைக்கும் ஒரே செடி மருந்தாக முடியுமா? பித்தப்பைக் கல்லைக் கீழாநெல்லி எடுக்காது. மலேரியாக் கிருமியை மோர் கொல்லாது. கண் மஞ்சள் ஆனால் முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ரத்தச் சோதனை வேண்டும்.

டில்லியில் நடந்தது

1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் டில்லி நகரில் ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான பேருக்குக் கண் மஞ்சளானது. சுமார் 29,000 பேருக்குக் காமாலை. யமுனை ஆற்றில் வெள்ளம் வந்து வடிந்திருந்தது. சாக்கடை நீர், குடிநீர் எடுக்கும் இடத்தில் கலந்துவிட்டது. தண்ணீரில் குளோரின் போட்டிருந்தார்கள். அது போதவில்லை.

அப்போது அதை ஏ வகைக் காமாலை என்றே நினைத்தார்கள். அந்த நோயாளிகளின் ரத்தத்தைச் சேமித்து வைத்திருந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து, 1980-ல் அதைச் சோதித்தபோது அது ஏ கிருமி இல்லை என்று தெரிந்தது. பின்னாளில் இ என்று பெயர் பெற்ற கிருமி அது.

இ கிருமி தாக்கியவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் தாமாகவே குணம் அடைகிறார்கள். ஆனால் கர்ப்பிணிகளுக்கு மட்டும் அது வேறு முகம் காட்டுகிறது. கர்ப்பத்தின் கடைசி 3 மாதங்களில் வந்தால் 100 பேரில் 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது.

செவிலியர் ஏன் அவசரப்பட்டார் என்று இப்போது புரிகிறது. 7 மாதக் கர்ப்பிணிக்குக் கண் மஞ்சள். ஒரு நாளும் காத்திருக்க முடியாது.

செடி பலித்ததா, நாள் பலித்ததா?

பாட்டியின் கேள்விக்கு வருவோம். மகன் பிழைத்தான். அது உண்மை. கீழாநெல்லி குடித்தான். அதுவும் உண்மை. கீழாநெல்லி குடித்ததால்தான் பிழைத்தான் என்று சொல்லலாமா?

ஏ வகையும் இ வகையும் பெரும்பாலும் தாமாகவே தீர்ந்துவிடும் நோய்கள். ஓய்வும் உணவும் இருந்தால் போதும். சில வாரங்களில் உடல் கிருமியை வென்றுவிடும். அந்த நாள்களில் எதைக் கொடுத்தாலும் அதற்குப் பேர் கிடைக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

வட மாநிலங்கள் சிலவற்றில் காமாலைக்கு மாலை போடுகிறார்கள். சிறு குச்சிகளை நூலில் முடிந்து தலையில் வைப்பார்கள். நாள் போகப் போக மாலை நீளும். நோய் இறங்குகிறது என்பார்கள். பச்சைக் குச்சி காய்ந்து சுருங்குகிறது. முடிச்சு தளர்கிறது. மாலை நீள்கிறது. நோயாளி தலையில் வைக்காமல் தூணில் மாட்டினாலும் அது நீளத்தான் செய்யும்.

அப்படியானால் கீழாநெல்லியும் அந்த மாலையும் ஒன்றா? இல்லை. மாலையில் மருந்து இல்லை. செடியில் மருந்துப் பொருள் இருக்கிறது. அது மனிதருக்குப் பலிக்கிறதா என்று முறையாகப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தும் இருக்கிறார்கள்.

பாரூக் பிளம்பர்க் என்ற அமெரிக்க அறிஞர் பி கிருமியைக் கண்டுபிடித்தவர். அதற்காக 1976-ல் நோபல் பரிசு பெற்றார். அவரும், சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் முதலான அறிஞர்களும் சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்தார்கள். பி கிருமி உடலில் தங்கிவிட்டவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கீழாநெல்லி மருந்து. இன்னொரு குழுவுக்கு மருந்து போலவே தோன்றும், ஆனால் மருந்து இல்லாத பொருள். 30 நாள் கொடுத்தார்கள்.

முடிவு 1988-ல் வெளிவந்தது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. மருந்து இல்லாததைச் சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்திருந்தது. உலகமே இந்தச் செடியைத் திரும்பிப் பார்த்தது.

பிறகு வேறு நாடுகளிலும் சோதித்தார்கள். அங்கே அதே பலன் கிடைக்கவில்லை. அதுவரை நடந்த பல சோதனைகளைத் திரட்டிப் பார்த்த ஓர் ஆய்வு 2011-ல் வெளிவந்தது. பி வகைக்குக் கீழாநெல்லி பலன் தருகிறது என்று நம்புவதற்குப் போதிய சான்று இல்லை என்று அது சொன்னது.

இரண்டு குழு வைத்துப் பார்ப்பது ஏன்? மருந்து சாப்பிடாதவர்களுக்கு என்ன ஆகிறது என்று தெரிந்தால்தான், மருந்து என்ன செய்தது என்று தெரியும். ஒரு வயலுக்கு உரம் போட்டு, பக்கத்து வயலுக்குப் போடாமல் பார்ப்பதைப் போல. பாட்டிக்கு ஒரே மகன். இரண்டாவது வயல் இல்லை.

அரைக்கும் முன்பு யோசிப்போம்

கீழாநெல்லி எங்கே முளைக்கிறது? சாக்கடை ஓரத்தில் முளைக்கிறது. பூச்சி மருந்தும் களைக்கொல்லியும் தெளித்த வயலில் முளைக்கிறது. அதைக் குளத்து நீரில் அலசி, அப்படியே அரைத்து, பச்சைத் தண்ணீர் சேர்த்த மோரில் கலந்து குடித்தால் என்ன ஆகும்? எந்தத் தண்ணீரால் காமாலை வந்ததோ, அதே தண்ணீரை மருந்தோடு மறுபடி குடித்ததாகும்.

மருந்துக்குப் பத்தியம் என்று சிலர் நோயாளியைப் பட்டினி போடுகிறார்கள். உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, பால் கூடாது என்கிறார்கள். கெட்ட கல்லீரல் சரியாவதற்கு உணவு வேண்டும். பசி எடுக்கும் அளவுக்குச் சோறு, இட்லி, பருப்பு, பழம், மோர் கொடுக்கலாம். ஒரே வேளையில் நிறையச் சாப்பிட முடியாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை கொடுக்கலாம். சாராயம் மட்டும் ஒரு துளியும் கூடாது.

சித்த மருத்துவம் பார்க்க விரும்புகிறவர்கள் படித்துப் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் போகலாம். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. அங்கே போகும்போதும் ரத்தச் சோதனை முடிவைக் கையில் கொண்டுபோக வேண்டும். வேறு மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள் மருத்துவர் சொல்லாமல் எந்த மூலிகையையும் உட்கொள்ளக் கூடாது.

கீழே சொன்னவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்:

கண் மஞ்சளானவர் கர்ப்பிணியாக இருந்தால்.
பிறந்த குழந்தைக்கு உடம்பு மஞ்சளானால்.
நோயாளி ஓயாமல் தூங்கினால், அல்லது பேச்சு குழறினால்.
வாந்தி நிற்காவிட்டால்.
பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம் வந்தால். மலம் தார் போல் கறுத்தால்.
வயிறோ காலோ வீங்கினால்.
கடுமையான வயிற்று வலியும் குளிர் காய்ச்சலும் சேர்ந்து வந்தால்.
இரண்டு வாரம் ஆகியும் மஞ்சள் குறையாவிட்டால்.

குழாயில் வந்த நோய்

மருமகள் அன்று மதியமே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். ரத்தத்தைச் சோதித்தார்கள். இ கிருமி என்று தெரிந்தது. நரம்பில் மருந்து நீர் ஏற்றினார்கள். இரவும் பகலும் கவனித்தார்கள். முதல் வாரம் கடினமாக இருந்தது. ஒரு நாள் அவள் எழுப்பினாலும் கண் திறக்காமல் கிடந்தாள். பாட்டி அவள் காலடியிலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் விடியற்காலையில் அவள் கண் விழித்து, “அத்தை, பசிக்குது” என்றாள். 18 நாள் கழித்து வீடு திரும்பினாள்.

பாட்டி சும்மா இருக்கவில்லை. அதே தெருவில் இன்னும் 4 வீடுகளில் கண் மஞ்சள் என்று கேள்விப்பட்டார். எல்லோரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பவர்கள். பாட்டி அந்தக் குழாய் வரும் வழியைப் பின்பற்றி நடந்தார். ஓரிடத்தில் அது சாக்கடைக்குள் இறங்கிப் போனது. இணைப்பு விட்டிருந்தது.

மோட்டார் ஓடும்போது தண்ணீர் அந்த ஓட்டை வழியாக வெளியே கசியும். மோட்டார் நின்றதும் குழாய் காலியாகும். அப்போது சாக்கடை நீரை அதே ஓட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்த வேளை தண்ணீர் வரும்போது எல்லாம் சேர்ந்து குடத்துக்கு வரும்.

பாட்டி 1991-ல் அறிவொளி வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். அன்று இரவு பேத்தியின் நோட்டில் ஒரு தாள் கிழித்தார். குழாய் எங்கே உடைந்திருக்கிறது, எத்தனை வீட்டில் நோய், என்ன செய்ய வேண்டும் என்று எழுதினார். தெருப் பெண்கள் 31 பேர் கையெழுத்துப் போட்டார்கள். மனுவை உள்ளூர் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கினார்கள். மூன்று முறை நடந்தார்கள். குழாயைச் சாக்கடைக்கு மேலே தூக்கிப் போட்டுக் கொடுத்தார்கள்.

குழாய் சரியாகும் வரை தெரு முழுவதும் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்துக் குடித்தது. துணியில் வடிகட்டினால் கிருமி நிற்காது. கொதிக்க வைத்தால்தான் சாகும். மலம் கழித்த பின்னும், சமைக்கும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவினார்கள்.

இரண்டு மாதம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த அன்றே ஒரு தடுப்பூசி போட்டார்கள்.

“காமாலைக்குத்தானே நர்சம்மா?” என்று பாட்டி கேட்டார்.

“ஆமா. ஆனா இது பி வகைக்கு. 24 மணி நேரத்துக்குள்ள போடணும். அப்புறம் 6, 10, 14 வாரத்துல மறுபடியும் உண்டு. எல்லாம் இலவசம். இவ அம்மாவுக்கு வந்தது இ வகை. அதுக்கு நல்ல தண்ணிதான் காவல்.”

பெரியவர்களுக்கும் வழி இருக்கிறது. 2018 ஜூலை 28-ல் மத்திய அரசு கல்லீரல் அழற்சி நோய்களுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. பி, சி வகைகளுக்குச் சோதனையும் மருந்தும் இலவசம். சி வகை உள்ளவர்களில் பெரும்பாலோரைச் சுமார் 12 வார மாத்திரையில் குணப்படுத்த முடிகிறது. ஜூலை 28 உலகக் கல்லீரல் அழற்சி நாள். பி கிருமியைக் கண்டுபிடித்து, கீழாநெல்லியையும் சோதித்துப் பார்த்த பிளம்பர்க் பிறந்த நாள் அது.

கிணற்றடியில் கீழாநெல்லி இன்னும் முளைக்கிறது. பாட்டி பெரிய பேத்தியைக் கூட்டிப் போய்க் குச்சியைத் திருப்பிக் காட்டினார். பேத்தி காய்களை எண்ணினாள்.

“இது காமாலைக்கு மருந்தா பாட்டி?”

“மருந்துன்னு நம்ம பெரியவங்க சொன்னாங்க. படிச்சவங்க இன்னும் பாத்துக்கிட்டிருக்காங்க. நீ கண்ணை மட்டும் பாக்கக் கத்துக்கோ. கண்ணு மஞ்சளா இருந்தா முதல்ல ஆஸ்பத்திரி. அப்புறம் குழாய் எங்கே உடைஞ்சிருக்குன்னு பாரு.”

நினைவில் கொள்வோம்

1. காமாலை ஓர் அறிகுறி. காரணம் பல. ரத்தச் சோதனையில்தான் தெரியும்.
2. தண்ணீர் வழியாக வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே தீரும். அதனால் எந்த மருந்துக்கும் பேர் கிடைத்துவிடும்.
3. கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் அன்றே மருத்துவமனை.
4. குடிநீரைக் கொதிக்க வைப்போம். ஊசி புதியதா என்று கேட்போம்.
5. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் பி வகைத் தடுப்பூசி போடுவோம்.

கலந்து பேசுவோம்

1. கீழாநெல்லியின் ‘இலை’ உண்மையில் கிளை என்று எப்படிச் சொல்கிறோம்?
2. “என் மகனை இந்தச் செடிதானே காப்பாத்திச்சு?” என்று பாட்டி கேட்டார். நீங்கள் செவிலியராக இருந்தால் என்ன பதில் சொல்வீர்கள்?
3. உங்கள் ஊரில் காமாலைக்கு என்னென்ன செய்கிறார்கள்? அவற்றில் கெடுதல் தருவது எது?

செய்து பார்ப்போம்

1. ஒரு கீழாநெல்லிச் செடியைக் கொண்டுவாருங்கள். காயைப் பிளந்து விதைகளை எண்ணுங்கள். அந்தி சாய்ந்ததும் இலைகளைப் பாருங்கள்.
2. உங்கள் தெருக் குழாய் வரும் வழியில் நடந்து பாருங்கள். சாக்கடையைத் தொடும் இடம் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அதைச் சரிசெய்யக் கோரி ஒரு மனு எழுதுங்கள். இடம், தேதி, எத்தனை வீடு என்பதை மறக்காமல் எழுதுங்கள்.